ஆய்வு, மன்றப் பொருளாக வேண்டுமானால்: பல்கலைக்கழக மையமும் உள்ளாட்சியும் சேர்ந்து பணியாற்றும் முறை

பல்கலைக்கழகத்தின் பொது சுகாதார ஆய்வு மையம் ஒரு நகராட்சியை அணுகும்போது பெரும்பாலும் ஓர் ஆய்வுத் தலைப்பைக் கையில் எடுத்துச் செல்கிறது. நகராட்சிக்கு வேண்டியதோ அடுத்த மன்றக் கூட்டத்தில் முடிவுக்கு வைக்கத்தக்க ஒரு பொருள். தலைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது ஒரு தீர்மானமாகவோ பணி உத்தரவாகவோ மாறும் வழி தெரியாவிட்டால், அறிக்கை ஆணையரின் மேசையில் மரியாதையோடு வாங்கி வைக்கப்பட்டு அங்கேயே தங்கிவிடும். தமிழ்நாட்டில் சமூக மருத்துவம், சமூகப்பணி, புள்ளியியல், புவியியல் போன்ற துறைகளிலிருந்து உள்ளாட்சிகளோடு பணியாற்ற விரும்பும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உதவும் வகையில் இந்தச் செயல்முறை எழுதப்படுகிறது. சொல்வது தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, எல்லா ஊர்களும் அறிந்த டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எந்த அதிகாரம் என்பதை முதலில் அறிதல்

தமிழ்நாட்டுக்குப் பொது சுகாதாரச் சட்டம் புதியதன்று. 1939ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தில், இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் தேங்கிய நீரை அகற்றுமாறு வீட்டு உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் வரை அதில் உண்டு. பின்னர், 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு உரியவை எனக் கருதத்தக்க பணிகளைப் பட்டியலிட்டன. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பொருள்களும், நகர்ப்புற அமைப்புகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களும் உள்ளன. இரண்டிலும் சுகாதாரம் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் அட்டவணையில் ஒரு பொருள் இருப்பதும், அதற்கான பணியாளரும் பணமும் உள்ளாட்சியின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. கிராமப்புறத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகிய அனைத்தும் மாநிலப் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. ஊராட்சித் தலைவரால் அவர்களுக்குப் பணி ஆணை இட முடியாது. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவையே ஊராட்சியின் கையில் உள்ளவை. ஆகவே ஒரு கிராமத்தில் கொசு சுகாதாரத் துறையின் பொறுப்பாகவும், அந்தக் கொசு முட்டையிடும் டிரம்முக்குத் தண்ணீர் வரும் குழாய் ஊராட்சியின் பொறுப்பாகவும் பிரிந்து கிடக்கின்றன. மாநகராட்சிகளில் நிலைமை வேறு: அங்கே மாநகர நல அலுவலர் இருக்கிறார், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாநகராட்சியின் நிர்வாகத்திலேயே இயங்குகின்றன. பேரூராட்சியில் செயல் அலுவலரே எல்லாவற்றுக்கும் கையெழுத்திடுபவர்.

எனவே களத்தில் இறங்கும் முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: இந்தப் பிரச்சினையில் எடுக்கக்கூடிய முடிவுகள் எவை, ஒவ்வொரு முடிவையும் எடுக்கும் பதவி எது, அதற்கான செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும். கிராமத்தில் இந்தத் தாள் ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் என்று விரிந்து, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற சட்டப் பொறுப்பை வகிக்கும் மாவட்ட ஆட்சியர் வரை போகும். இந்தத் தாளை நிரப்ப முடியாத மையம் இன்னும் களத்துக்குத் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுவதும் உள்ள உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்ததும், அதில் வட்டாரப் பொது சுகாதார அலகுகள் ஒரு பகுதியாக இருந்ததும் கவனிக்கத்தக்கவை. நோய்த் தகவலைத் தொகுத்துப் பார்ப்பதற்கென்றே வட்டார அளவில் இப்படி ஓர் அமைப்பு இருக்குமானால், மையம் புதிதாக ஒரு தகவல் தளத்தை உருவாக்கப் புறப்படுவதைவிட அந்த அலகுக்குத் துணையாக நிற்பதே பயன்தரும்.

கேள்வியை உள்ளாட்சியிடமிருந்து பெறுதல்

முதல் சந்திப்பில் கணினிப் படக்காட்சி வேண்டாம். துப்புரவு ஆய்வாளரோடும், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களோடும், முக்கியமாகக் குடிநீர் வால்வு திறப்பவரோடும் இரண்டு நாள்கள் நடந்து பார்ப்பது நல்லது. அதிகாரிகளின் கூட்டத்தில் ஒருபோதும் வெளிவராத செய்திகள் அந்த நடையில் கிடைக்கும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் அழிவதில்லை. மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கின்றன. நமது வெப்பநிலையில் முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். இதனால்தான் வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை வலியுறுத்துகிறது. இப்போது வால்வு திறப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும்: அந்தத் தெருவுக்கு எட்டு நாள்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. அப்படியானால் ஏழாம் நாள் டிரம்மைக் காலிசெய்யச் சொல்லும் அறிவுரை, குடிக்கத் தண்ணீர் இல்லாத ஒரு நாளை அந்த வீட்டுக்காரர்மீது சுமத்துகிறது. அவர் அதைக் கேட்காமல் போவதற்கு அறியாமை காரணமன்று.

“டெங்கு பற்றிய மக்களின் விழிப்புணர்வு” என்று மையம் எடுத்து வந்த தலைப்பு இந்த இடத்தில், “எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் வழங்கும் இடைவெளியைக் குறைத்தால் கொசுப்புழு உள்ள கலன்கள் குறையும்” என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. முதலாவதற்குக் கிடைக்கும் விடை மேலும் ஒரு துண்டறிக்கையாகத்தான் முடியும். இரண்டாவதற்கு விடை கிடைத்தால் நகராட்சிப் பொறியாளரால் வால்வு அட்டவணையை மாற்ற முடியும். கேள்வி உள்ளாட்சியிடமிருந்து வர வேண்டும் என்று சொல்வதன் பொருள், அவர்கள் வாயால் சொல்லும் கோரிக்கையை அப்படியே ஏற்பது என்பதும் அன்று. பல உறுப்பினர்கள் தம் வார்டில் புகை மருந்து அடிக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். புகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, வாக்காளருக்கும் தெரிகிறது. அது பறக்கும் கொசுக்களைச் சிறிது நேரத்துக்குக் குறைக்கும், டிரம்மில் உள்ள புழுவை ஒன்றும் செய்யாது. இதைப் பணிவாக, ஆனால் மழுப்பாமல், தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மையத்தின் கடமை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மனிதர்களின் பெயர்களை எழுதாமல் பதவிகளை எழுத வேண்டும். ஆணையர் மாறுவார், நல அலுவலர் மாறுவார். பெயரை நம்பிய ஒப்பந்தம் இடமாறுதல் ஆணையோடு முடிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலங்களும் உண்டு என்பதை மறக்கலாகாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரையும் தேர்தல் நடைபெறவில்லை. அதுவரை தனி அலுவலர்களே நிர்வகித்தனர். மன்றம் இல்லாதபோது யாரிடம் அறிக்கை அளிக்கப்படும் என்பதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

முடிவுகளை வெளியிடும் உரிமை குறித்துத்தான் பின்னாளில் மனக்கசப்பு மிகுதியாக எழும். வெளியிடுவதற்கு முன் 30 நாள்கள் அவகாசம் கொடுத்து உள்ளாட்சியின் கருத்தைப் பெறுவது, தகவல் பிழை இருந்தால் திருத்துவது, கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் அறிக்கையிலேயே பதிவுசெய்வது, ஆனால் வெளியீட்டைத் தடுக்கும் உரிமையை எவருக்கும் தராதிருப்பது என்று எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். எந்த உள்ளாட்சியின் பணி மதிப்பிடப்படுகிறதோ அதன் பணத்தையே முழுவதும் நம்பி மதிப்பீட்டை நடத்துவது உகந்ததன்று. குறைந்தபட்சம் ஆய்வாளர்களின் ஊதியமாவது வேறு நிதியிலிருந்து வர வேண்டும்.

மனிதரிடமிருந்து தகவல் பெறும் எந்த ஆய்வுக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. நகராட்சி அனுமதி அளித்துவிட்டது என்பது வீட்டுக்காரரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. அடையாள அட்டையோடு ஆய்வாளர் வாசலில் நிற்கும்போது மறுத்தால் குடிநீர் இணைப்பு போய்விடுமோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். “நாங்கள் அபராதம் போட வரவில்லை, நீங்கள் மறுத்தாலும் எந்தச் சேவையும் நிற்காது” என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் வரியாக வைத்து வாய்விட்டும் சொல்ல வேண்டும். காய்ச்சல் கண்டவர்களின் முகவரிப் பட்டியல் மையத்துக்குத் தேவைப்பட்டால், பெயர்களை நீக்கித் தெருவளவில் மட்டும் பெற வேண்டும். ஒரு தெருவில் ஐந்துக்கும் குறைவான நோயாளிகள் இருந்தால் அந்த எண்ணிக்கையை அறிக்கையில் தனியே காட்டாமல் பக்கத்துத் தெருவோடு சேர்த்துக் காட்டுவது நல்லது.

எண்ணுதல்

கொசுப்புழுக் கணக்கெடுப்பில் மூன்று குறியீடுகள் வழக்கத்தில் உள்ளன. பார்வையிட்ட ஒவ்வொரு 100 வீடுகளிலும் புழு காணப்பட்ட வீடுகள் எத்தனை என்பது வீட்டுக் குறியீடு. நீர் உள்ள 100 கலன்களில் புழு உள்ளவை எத்தனை என்பது கலன் குறியீடு. 100 வீடுகளுக்குப் புழு உள்ள கலன்கள் எத்தனை என்பது பிரட்டோ குறியீடு. எடுத்துக்காட்டாக, 300 வீடுகளில் நீர் உள்ள 600 கலன்களைப் பார்த்து, 18 வீடுகளில் 27 கலன்களில் புழு இருந்ததாகக் கொண்டால், வீட்டுக் குறியீடு 6, கலன் குறியீடு 4.5, பிரட்டோ குறியீடு 9.

இந்த மூன்று எண்களோடு நின்றுவிடும் கணக்கெடுப்பு உள்ளாட்சிக்கு உதவாது. அந்த 27 கலன்களும் எவை என்பதே முக்கியம். அவற்றில் 15 தண்ணீர் சேமிக்கும் டிரம்களும் சிமென்ட் தொட்டிகளும், 6 ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டுகள், 4 பழைய டயர்கள், 2 கொட்டாங்குச்சிகள் என்று கொள்வோம். டிரம்மும் தொட்டியும் குடிநீர்ப் பிரிவின் பொறுப்பு. டயர் திடக்கழிவுப் பிரிவின் பொறுப்பு. ஃபிரிட்ஜ் தட்டு வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒரே கணக்கெடுப்பு மூன்று பேரின் மேசைக்கு மூன்று வேலைகளாகப் பிரிந்து செல்கிறது. ஆகவே படிவத்தில் கலனின் வகை, மூடி உண்டா, கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, எப்போது கழுவப்பட்டது என்ற நான்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் சமரசம் கூடாது. ஒழிப்புப் பணியாளர் வழக்கமாகச் செல்லும் பாதையிலேயே அவரோடு சென்றால், அவர் வரும் நாளை அறிந்து முன்கூட்டியே கொட்டிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான் பார்க்க நேரிடும். தெருக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொரு தெருவிலும் குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைப் பார்ப்பது போதுமானது. பூட்டிய வீடுகளைப் பூட்டிய வீடு என்றே பதிவுசெய்து மாலையில் ஒருமுறை திரும்பிச் செல்ல வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளை விட்டுவிட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். களப்பணிக்குப் பெண்கள் இருவராகச் செல்வது வீட்டுக்குள் சென்று பார்க்கவும் உதவும், பாதுகாப்பும் ஆகும்.

இனி, மன்ற உறுப்பினர்கள் அனைவரும் முதலில் கேட்கப்போவது வார்டு வாரியான தரவரிசை. இதில் மையம் உறுதியாக நிற்க வேண்டும். ஒரு வார்டில் 40 வீடுகள் பார்த்ததில் 4 வீடுகளில் புழு இருந்தால் குறியீடு 10. அடுத்த வார்டில் 40 வீடுகளில் 2 என்றால் குறியீடு 5. முதல் வார்டு இரண்டு மடங்கு மோசம் என்று மறுநாள் செய்தி வந்துவிடும். உண்மையில் 40 வீடுகளை மட்டும் பார்த்த நிலையில், முதல் வார்டின் மெய்யான விகிதம் ஏறத்தாழ 3 முதல் 24 விழுக்காட்டுக்குள் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவதன் விகிதம் 1 முதல் 17 விழுக்காட்டுக்குள் எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்த எண்களைக் கொண்டு எந்தத் துப்புரவு ஆய்வாளருக்கும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பக் கூடாது. சில வார்டுகளைத் தண்ணீர் வழங்கும் இடைவெளியின்படி தொகுதிகளாகச் சேர்த்து ஒப்பிட்டால் எண்ணிக்கை பெரிதாகும், கேள்விக்கும் நேரடியாக விடை கிடைக்கும்.

காலக்கணக்கு

உள்ளாட்சியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் உருவாகிறது. டெங்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர் முதல் பெருகுகிறது. பல்கலைக்கழகத்தின் ஆண்டோ ஜூனில் தொடங்கி, மாணவர்களின் ஆய்வேடு ஏப்ரலில் முடிகிறது. இந்த மூன்றும் பொருந்துவதில்லை. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது முதல் கணக்கெடுப்பு, ஆகஸ்டுக்குள் மன்றத்துக்குக் குறிப்பு, மழைக்கு முன் செயல், மழைக்குப் பின் இரண்டாம் கணக்கெடுப்பு, ஜனவரி முடிவுக்குள் வரவு செலவுத் திட்டத்துக்கான கோரிக்கை என்று அமைத்துக்கொண்டால் ஒரு சுற்று நிறைவாகும். டிசம்பரில் கொடுக்கும் சிறந்த அறிக்கையைவிட ஆகஸ்டில் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பு பயனுள்ளது.

கிராமங்களில் கிராம சபையே மேடை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 குடிநீர் பற்றிய முடிவுகளை வைக்கப் பொருத்தமானது. அங்கே குறியீடுகளைப் படிக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருவின் குழாயில் வரும் தண்ணீரைப் பலர் முன்னிலையில் பிடித்து, கிருமிநீக்கத்துக்காகத் தொட்டியில் இட்டதில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதனைக் குப்பியின் நிறத்தைக் காட்டினால், ஊரே புரிந்துகொள்ளும். தொட்டி இயக்குபவரைக் கூட்டத்தில் குற்றவாளியாக நிறுத்திவிடாதிருக்க, முதல் நாளே அவரிடம் சோதனையைச் செய்து காட்டிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் கிடந்து வீரியம் இழந்திருந்தால் தவறு அவருடையதன்று, இருப்பு அறையினுடையது.

மன்றத்துக்கு எழுதுதல்

அறிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும், மன்றத்துக்குச் செல்லும் குறிப்பு தமிழில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அலுவலக நடையில், பொருளாக வைக்கத்தக்க வாசகத்தையும் மையமே முன்வரைவாகக் கொடுத்துவிடலாம். அது ஏறத்தாழ இவ்வாறு அமையும்: “இந்நகராட்சியில் எட்டு நாள்களுக்கு ஒருமுறை குடிநீர் வழங்கப்படும் தெருக்களில் கொசுப்புழு காணப்பட்ட கலன்களில் பாதிக்கு மேற்பட்டவை குடிநீர் சேமிப்புக் கலன்கள் எனக் கணக்கெடுப்பில் தெரியவருவதால், அத்தெருக்களுக்கு ஐந்து நாள்களுக்கு ஒருமுறை குடிநீர் வழங்கும் வகையில் வால்வு இயக்க அட்டவணையை மூன்று கட்டங்களாக மாற்றியமைக்கவும், அதற்கான கூடுதல் செலவினத்தைக் குடிநீர் நிதியிலிருந்து மேற்கொள்ளவும் மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது.” இந்த ஒரு வாக்கியத்தில் காரணம், செயல், வரிசை, பணம் நான்கும் இருக்கின்றன. பொறியாளரோடு முன்கூட்டியே உட்கார்ந்து, தொட்டியின் கொள்ளளவுக்கும் மோட்டார் ஓடும் நேரத்துக்கும் இது ஒத்துவருமா என்று கணக்குப் பார்த்த பிறகே எழுத வேண்டும். தண்ணீரே போதாது என்று அவர் சொன்னால், அதே தெருக்களுக்கு இறுக்கமான மூடியோ கொசு நுழையாத வலைத்துணியோ வழங்குவதை மாற்று வழியாக விலையோடு சேர்த்துக் குறிப்பிடலாம்.

மூன்று கட்டங்கள் என்பதில் ஓர் ஆய்வு நுட்பமும் அடங்கியிருக்கிறது. எந்த நகராட்சியாலும் ஒரே நாளில் எல்லாத் தெருக்களிலும் அட்டவணையை மாற்ற இயலாது; யாருக்கு முதலில் என்ற பூசல் எழும். உறுப்பினர்கள் முன்னிலையிலேயே சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவுசெய்தால் பூசலும் தீரும், முதல் கட்டத் தெருக்களை இன்னும் மாறாத தெருக்களோடு அதே மாதத்தில் ஒப்பிடும் வாய்ப்பும் மையத்துக்குக் கிடைக்கும். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், மழை ஓய்ந்ததும் தானாகக் குறையும் கொசுவை நம் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. பலன் இல்லை என்று தெரியவந்தாலும் அதே அளவு தெளிவாக, அதே மன்றத்தில், அதே ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும்.

ஒரே ஊரில் நெடுங்காலம் தங்குதல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977 முதல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் ஊரக சுகாதாரம், சமூக மேம்பாடு ஆகியவற்றுக்கென ஒரு துறையையே நடத்திவருகிறது; கணியம்பாடி ஒன்றியத்தில் அக்கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை கருவுற்றல், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பதிவுசெய்கிறது. இத்தகைய நீண்ட பதிவு இருக்கும் இடத்தில் ஒரு புதிய கேள்விக்கு விடை காண எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு மாவட்டம் என்று தாவும் மையத்துக்குக் கட்டுரைகள் கூடலாம். எந்தச் செயலரும் அதற்குத் தொலைபேசியில் அழைத்து ஐயம் கேட்கமாட்டார். தொடங்கும்போது இரண்டு ஒன்றியங்களும் ஒரு நகராட்சியும் போதும்.

மாணவர்கள் படிப்பு முடித்துச் செல்வதும், அலுவலர்கள் மாறுதல் பெற்றுச் செல்வதும் நிற்கப்போவதில்லை. எனவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அலுவலகக் கோப்பில் நான்கு தாள்கள் சேர வேண்டும்: தெருக்களின் பட்டியலும் குலுக்கல் வரிசையும், வெற்றுப் படிவம், குறியீடு கணக்கிடும் முறை தமிழில், மன்றத் தீர்மானத்தின் நகல். அத்தோடு, கணக்கெடுப்பில் உடன் வந்த துப்புரவு ஆய்வாளரையும் ஒழிப்புப் பணியாளர்களில் இருவரையும் ஒரு நாள் உட்கார வைத்து, மையத்தின் ஆள் யாரும் கை வைக்காமல் 30 வீடுகளின் கணக்கை அவர்களே போட்டு முடிக்கும் வரை உடன் இருக்க வேண்டும். அடுத்த கோடையில் மையத்துக்கு நிதி வராமல் போனாலும், அந்தக் கோப்பைத் திறந்து அவர்கள் எண்ணத் தொடங்கிவிடலாம்.